அடுப்பின் சுடர் ஏன் மஞ்சளாகிறது?

பன்சன் எரிகலனின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னால், உங்களில் பெரும்பாலோர் முழு மதிப்பெண் வாங்கிவிடுவீர்கள். வாயு நுழையும் குழாய், காற்றுத் துளை, அதை மூடித் திறக்கும் வளையம், மேலே நீலச் சுடர் என்று எல்லாவற்றையும் தவறாமல் குறிப்பீர்கள். கல்லூரியில் முதலாண்டு மாணவர்களிடம் நான் வேறொரு கேள்வி கேட்பதுண்டு: "உங்கள் வீட்டில் பன்சன் எரிகலன் இருக்கிறதா?" வகுப்பு சிரிக்கும். ஆனால் இருக்கிறது, அதுவும் ஒன்றல்ல, இரண்டோ மூன்றோ இருக்கின்றன. சமையலறை மேடைமேல் உள்ள எரிவாயு அடுப்பின் ஒவ்வொரு பர்னரும், படுக்க வைத்த ஒரு பன்சன் எரிகலன்தான்.

ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில், ராபர்ட் பன்சனுக்காகப் பீட்டர் டெசாகா என்னும் கருவி வினைஞர் 1855-ஆம் ஆண்டில் இந்த எரிகலனைச் செய்து கொடுத்தார். அதன் சிறப்பு ஒன்றே ஒன்று: வாயு எரிவதற்கு முன்னரே அதனுடன் காற்றைக் கலந்துவிடுவது. நம் அடுப்பு நன்றாக எரிவதும் எரியாமல் தொல்லை கொடுப்பதும் பெரும்பாலும் இந்தக் கலப்பைப் பொறுத்ததே.

அடுப்பு கெடும் விதம் எல்லா வீடுகளிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். நீலமாக எரிந்த சுடர் நுனியில் மஞ்சளாகும். பாத்திரத்தின் அடி கறுக்கும். சோறு வடிக்கக் கூடுதல் நேரமாகும். அப்போது இரண்டில் ஒன்று நடக்கிறது. சமைப்பவர் மாதக் கணக்கில் பொறுத்துக்கொண்டு, கரிப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். அல்லது வீட்டில் யாரேனும் ஒரு தையல் ஊசியை எடுத்து அகப்பட்ட துளையை எல்லாம் குத்துவார்கள். இரண்டும் சரியல்ல. பத்தாம் வகுப்பு இயற்பியலும் வேதியியலும் அறிந்த நீங்கள், எந்த இடத்தில் கோளாறு என்பதைச் சுடரைப் பார்த்தே பெருமளவு சொல்லிவிடலாம். அதற்கு வாயு வரும் வழியையும் காற்று வரும் வழியையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாயு வரும் வழி

வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோகிராம் எரிபொருள் இருக்கிறது. அது புரோப்பேன், பியூட்டேன் ஆகிய இரு ஹைடிரோகார்பன்களின் கலவை. சாதாரண காற்றழுத்தத்தில் புரோப்பேன் சுழிக்குக் கீழே 42 பாகை செல்சியஸிலும், பியூட்டேன் சுழிக்குச் சற்றே கீழும் கொதித்துவிடும். ஆகவே நம் ஊர் வெப்பநிலையில் திறந்த பாத்திரத்தில் இவை திரவமாக நிற்கமாட்டா. மூடிய சிலிண்டருக்குள், தம்முடைய ஆவியின் அழுத்தத்தாலேயே திரவமாக அடங்கி இருக்கின்றன. அந்த அழுத்தம் காற்றழுத்தத்தைப் போலப் பல மடங்கு.

அவ்வளவு அழுத்தத்தை அடுப்பு தாங்காது, தேவையும் இல்லை. சிலிண்டரின் தலையில் பொருத்தும் ரெகுலேட்டர் அதைச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் எடை என்ற அளவுக்குக் குறைத்துவிடுகிறது. இது எவ்வளவு? 30 செ.மீ. உயரமுள்ள நீர்க்கம்பத்தின் அழுத்தம். காற்றழுத்தமோ 1,033 செ.மீ. நீர்க்கம்பத்துக்குச் சமம். ஆக, ரப்பர் குழாயில் வரும் வாயு, வெளிக்காற்றைவிட நூற்றுக்கு மூன்று பங்கு மட்டுமே கூடுதல் அழுத்தம் உடையது.

குழாய் வழியே வந்த வாயு, குமிழால் திறக்கும் வால்வைக் கடந்து, ஜெட் என்ற சிறு பித்தளைத் திருகின் துளை வழியாகப் பாய்கிறது. அந்தத் துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் வழியே வாயு என்ன வேகத்தில் வரும்? அழுத்த வேறுபாட்டை இரண்டால் பெருக்கி, அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள். 30 செ.மீ. நீர் என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2,940 நியூட்டன். இந்த வாயுவின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 2.2 கிலோகிராம். விடை, விநாடிக்கு 50 மீட்டருக்குச் சற்று மேல்! உராய்வால் இது கொஞ்சம் குறையும். இருந்தாலும் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்துக்கு அருகில் ஓடும் ஒரு மெல்லிய வாயு நூல், நாள்தோறும் நம் அடுப்புக்குள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

காற்று வரும் வழி

ஒரு கன அளவு புரோப்பேன் முழுமையாக எரிய ஐந்து கன அளவு ஆக்ஸிஜன் வேண்டும், பியூட்டேனுக்கு ஆறரை. காற்றில் ஆக்ஸிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். எனவே புரோப்பேனுக்குத் தன்னைப்போல் 24 மடங்கு காற்றும், பியூட்டேனுக்கு 31 மடங்கு காற்றும் தேவை. ஒரு கிலோகிராம் எரிவாயு எரிய ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்று செலவாகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால் தெரியும். சிறிய சமையலறை ஒன்றின் மொத்தக் கொள்ளளவில் பாதிக்கும் மேல் அது. சன்னலை மூடிக்கொண்டு சமைக்கக்கூடாது என்பது ஏன் என்று இப்போது விளங்குகிறது அல்லவா?

இந்தக் காற்றில் ஒரு பகுதி, எரிவதற்கு முன்பே வாயுவுடன் கலந்துவிட வேண்டும். இதை முதன்மைக் காற்று என்போம். மீதியைச் சுடர் தன்னைச் சுற்றியுள்ள வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அது துணைக் காற்று.

முதன்மைக் காற்றைத் தள்ளிவிட அடுப்பில் விசிறியோ பம்போ கிடையாது. அந்த வேலையை வாயு நூலே செய்கிறது. ஜெட்டுக்கு நேர் எதிரே கலப்புக் குழாயின் வாய் இருக்கிறது; அதையொட்டிக் காற்று நுழைய இடைவெளியும் துளையும் உண்டு. வேகமாக வரும் வாயு, பக்கத்திலுள்ள காற்றுடன் மோதித் தன் உந்தத்தில் பங்கு கொடுத்து, அதையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் ஓடுகிறது. வேகமாக ஓடும் பேருந்துக்குப் பின்னால் சருகுகள் இழுபட்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், ஏறத்தாழ அதுபோல. கலந்த கலவை பர்னரின் தலைக்குள் பரவி, சுற்றிலும் உள்ள சிறு துளைகள் வழியே வெளியேறி எரிகிறது.

இந்தக் கட்டுரையின் உயிர்நிலை இனி வரும் விஷயத்தில் இருக்கிறது. பால் பொங்கி வழிந்து பர்னரின் துளைகளில் பாதி அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். எது குறையும், வாயுவா காற்றா? வாயு என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் நடப்பது வேறு. துளைகள் அடைபட்டதால் பர்னரின் தலைக்குள் சற்றே எதிர் அழுத்தம் உண்டாகிறது. அது சில மில்லிமீட்டர் நீர்க்கம்பம்கூட இராது. 300 மில்லிமீட்டர் அழுத்தத்தோடு வரும் வாயுவுக்கு அது ஒரு பொருட்டே அல்ல, முன்போலவே வந்துகொண்டிருக்கும். ஆனால் காற்றோ தன் சொந்த அழுத்தம் ஏதுமின்றி, வாயு இழுத்த இழுப்புக்கு வந்துகொண்டிருந்தது. சிறு எதிர்ப்பும் அதைத் தடுத்துவிடும். ஆகவே அடைப்பு ஏற்பட்டால் வாயு குறைவதில்லை, காற்றுதான் குறைகிறது. அடுப்பில் எரியும் எரிபொருள் அதேதான்; எரியும் விதம்தான் கெட்டுவிட்டது.

நிறத்தின் பொருள்

காற்று குறைந்தால் ஏன் மஞ்சள்? சுடரின் உள்ளே ஹைடிரோகார்பன் மூலக்கூறுகள் வெப்பத்தால் சிதைகின்றன. ஆக்ஸிஜன் போதுமான அளவு கலந்திருந்தால் சிதைந்த துண்டுகள் உடனுக்குடன் எரிந்துவிடும். அப்போது கண நேரமே வாழும் சில மூலக்கூறுத் துண்டுகள் நீலமும் பச்சை கலந்த நீலமுமான ஒளியை உமிழ்கின்றன. நல்ல சுடரின் உட்கூம்பில் நாம் காணும் நிறம் அது. ஆக்ஸிஜன் போதாவிட்டால் கார்பன் அணுக்கள் ஒன்றுகூடி நுண்ணிய கரித்துகள்கள் ஆகின்றன. அவை சுடரின் வெப்பத்தில் பழுத்து, மஞ்சளாக ஒளிர்கின்றன. மைக்கேல் பாரடே 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் கழகத்தில் சிறுவர்களுக்கு நிகழ்த்திய மெழுகுவத்திச் சொற்பொழிவுகளில், மெழுகுவத்தியின் வெளிச்சம் இந்தக் கரித்துகள்களால் வருவதே என்று செய்து காட்டினார். மெழுகுவத்திக்கு அது பெருமை. அடுப்புக்கு அது நோய்.

ஆனால் மஞ்சள் எல்லாம் கரி அல்ல. உப்புப் போட்ட குழம்பு ஒரு சொட்டு தெறித்தால் சுடர் பளிச்சென்று மஞ்சளாகி மறையும். அது சோடியம் அணுக்கள் உமிழும் 589 நானோமீட்டர் அலைநீள ஒளி. பன்சனும் கிர்க்காப்பும் நிறமற்ற எரிகலன் சுடரில் உப்புகளைக் காட்டி நிறமாலை ஆய்ந்துதான் 1860-இல் சீசியத்தையும் 1861-இல் ருபிடியத்தையும் கண்டுபிடித்தார்கள். சுடர் தானே மஞ்சளாக இருந்திருந்தால் அந்த மங்கலான கோடுகள் அவர்கள் கண்ணில் பட்டிரா.

இரண்டு மஞ்சளையும் பிரித்தறிவது எளிது. பழைய எவர்சில்வர் கரண்டி ஒன்றை இடுக்கியால் பிடித்து, மஞ்சள் நுனியில் ஐந்து விநாடி காட்டுங்கள். கறுத்தால் கரி, கறுக்காவிட்டால் உப்போ தூசியோ. உப்பு மஞ்சள் மினுக்கி மினுக்கி வந்து சில நிமிடங்களில் மறைந்துவிடும். கரி மஞ்சள் நின்று எரியும். பெரியவர் ஒருவர் உடனிருக்க இதைச் செய்யுங்கள்.

கரி படிவது மட்டும்தான் தீங்கு என்றால் தேய்த்துக் கழுவிவிட்டுப் போகலாம். ஆனால் ஆக்ஸிஜன் போதாத இடத்தில் கரியோடு கூடவே கார்பன் மோனாக்ஸைடும் உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்வதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக இதைப் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்ட ஹீமோகுளோபினால் ஆக்ஸிஜனைச் சுமக்க இயலாது. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கும். சமையல் முடித்து வந்தவர் நாள்தோறும் தலைவலி என்று சொல்கிற வீட்டில், சுடர் என்ன நிறம் என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. காற்றோட்டமில்லாத குளியலறையில் பொருத்திய எரிவாயுக் கொதிகலன்களால் உயிர்ச்சேதம் நேர்வதும் இதனால்தான்.

இங்கே இன்னொரு சிறு செய்தி. அடுப்பேற்றியவுடன் குளிர்ந்த பாத்திரத்தின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்புவதைக் கண்டு பாத்திரம் ஒழுகுவதாகச் சிலர் எண்ணுவார்கள். எரிபொருளிலுள்ள ஹைடிரஜன் எரிந்து உண்டான நீர் அது. ஒரு கிலோகிராம் எரிவாயு ஒன்றரைக் கிலோகிராமுக்கும் சற்றே கூடுதலான நீரைத் தருகிறது.

கோளாறு எங்கே?

மெக்கானிக்கிடம் போவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: ஒரு பர்னர் மட்டும் கெட்டதா, எல்லாமா? எல்லாப் பர்னருக்கும் பொதுவான வழி சிலிண்டர், ரெகுலேட்டர், ரப்பர் குழாய் ஆகியவை. வால்வு, ஜெட், கலப்புக் குழாய், பர்னர் ஆகியன ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. எல்லாச் சுடர்களும் ஒன்றுபோல மெலிந்தால் கோளாறு பொது வழியில். ஒன்று மட்டும் கெட்டால் தனி வழியில். மின்சுற்றில் எல்லா விளக்கும் அணைந்ததா, ஒன்று மட்டும் அணைந்ததா என்று பார்ப்பதும் இதே முறைதான்.

எல்லாச் சுடர்களும் நீலமாகவே இருந்து உயரம் மட்டும் குறைந்தால், பெரும்பாலும் சிலிண்டர் தீர்ந்துகொண்டிருக்கிறது. ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை துடைத்துவிட்டுப் பாருங்கள். திரவம் உள்ள பகுதி மெதுவாகவும், வெற்றுப் பகுதி விரைவாகவும் உலரும். கோடு எங்கே நிற்கிறதோ அதுவே திரவத்தின் மட்டம். காரணத்தைத் தன்வெப்பம் படித்தவர்கள் யோசித்துச் சொல்லுங்கள். திரவம் மிச்சமிருக்கிறதா? குழாய் மடங்கியோ நசுங்கியோ இருக்கலாம்; இல்லையேல் ரெகுலேட்டரை மாற்ற வேண்டும்.

மலைப்பகுதிகளில் குளிர்காலத்தில் சிலிண்டர் பாதி இருக்கும்போதே சுடர் மெலிவதுண்டு. வாயு வெளியேற வெளியேறத் திரவம் ஆவியாகிறது. ஆவியாவதற்கான வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக் குளிர்கிறது. குளிர்ந்தால் ஆவியழுத்தம் குறைகிறது. அத்துடன் எளிதில் ஆவியாகும் புரோப்பேன் முதலில் கூடுதலாகப் போய்விட, பியூட்டேனே மிஞ்சுகிறது. இதைக் கண்டு சிலர் சிலிண்டரை வெந்நீரில் நிறுத்துகிறார்கள்; படுக்க வைத்தும் எரிக்கிறார்கள். இரண்டையும் ஒருபோதும் செய்யக்கூடாது. நிமிர்ந்து நிற்கும் சிலிண்டரில் மேலேயுள்ள ஆவி மட்டும் வெளிவரும். படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் புகுந்துவிடும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மாறாக, எல்லாச் சுடர்களும் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்து இரைந்து எரிந்தால், ரெகுலேட்டர் அழுத்தத்தைக் குறைக்கத் தவறுகிறது. உடனே மூடுங்கள். அங்கே நாம் ஆராய்வதற்கு ஒன்றுமில்லை. ஆளை அழைக்க வேண்டியதுதான்.

இனி, ஒரு பர்னர் மட்டும் கெட்டால்? சுடர் சிறுத்து, கூர்மையாக, நீலமாகவே இருந்தால் ஜெட்டில் அழுக்கு. வாயு குறைந்தது, காற்று குறையவில்லை. சுடர் பெருத்து, தளர்ந்து, மஞ்சளாக ஆடினால் காற்று குறைந்தது. துளைகளில் அடைப்பு, கலப்புக் குழாயில் ஒட்டடை, காற்றுத் துளையில் எண்ணெய்ப் பிசுக்கு ஆகிய மூன்றையும் பாருங்கள். நெடுநாள் பயன்படுத்தாத அடுப்பானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிலந்தியைத்தான். அரை விரல் அகலமுள்ள அந்தக் குழாய் அதற்கு நல்ல வீடு. வட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் எரிந்து மறுபக்கம் எரியாவிட்டால், அங்கே துளை அடைத்திருக்கிறது, அல்லது பர்னரின் மூடி சரியாக உட்காரவில்லை.

குமிழைத் தணிக்கும்போது 'டப்' என்ற ஒலியுடன் சுடர் உள்ளே போய், ஜெட்டின் அருகே எரிவதுண்டு. இது கொஞ்சம் சுவையான இயற்பியல். இந்த வாயுவும் காற்றும் கலந்த கலவையில் தீ, அசையாத நிலையில், விநாடிக்கு 40 செ.மீ. அளவு வேகத்தில் பரவும். துளை வழியே கலவை அதைவிட வேகமாக வெளிவரும் வரையில் சுடர் வெளியே நிற்கிறது. ஓட்டம் தணிந்தால் சுடர் எதிர்நீச்சலிட்டு உள்ளே நுழையப் பார்க்கும். ஆனாலும் நல்ல பர்னரில் நுழைவதில்லை. ஏனென்றால் சிறு துளையின் உலோகச் சுவர் வெப்பத்தை இழுத்துத் தீயைக் குளிர்வித்துவிடும். 1815-இல் ஹம்ப்ரி டேவி சுரங்கத் தொழிலாளருக்காக அமைத்த கம்பிவலை விளக்கின் தத்துவம் இதுவே. துளைகள் தேய்ந்து அகன்றாலும், மூடி கோணலாக அமர்ந்து இடுக்கு விட்டாலும் இந்தக் காவல் போய்விடும். அப்படி ஆனால் குமிழை மூடி, பர்னர் ஆறிய பின் மூடியைச் சரியாக அமர்த்தி மீண்டும் ஏற்றிப் பாருங்கள். திரும்பவும் நேர்ந்தால் பர்னரை மாற்றுவதே வழி.

ஊசி வேண்டாம்

மண்ணெண்ணெய்ப் பம்ப் ஸ்டவ் இருந்த காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அதற்கென்று ஓர் ஊசி இருந்தது. தகரப் பிடியில் மெல்லிய கம்பி பொருத்தியது. மண்ணெண்ணெய் ஆவியாகும்போது கரி படிந்து துளை அடிக்கடி அடைக்கும். குத்தாமல் சமையலே நடவாது. பாட்டி காலத்து அந்தப் பழக்கம்தான் இன்று எரிவாயு அடுப்பின் ஜெட்டையும் குத்தச் சொல்கிறது என்பது என் எண்ணம். அந்த ஊசியின் கம்பி துளைக்கென்றே அளவெடுத்தது. தையல் ஊசி அப்படியல்ல. அது பித்தளையை அகட்டிவிடும்.

விட்டம் ஐந்தில் ஒரு பங்கு அகன்றது என்று வையுங்கள். துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 1.2 பெருக்கல் 1.2, அதாவது 1.44. வாயு நூற்றுக்கு 44 பங்கு கூடுதலாக வரும். காற்று அதே விகிதத்தில் கூடினால் தொல்லையில்லை. ஆனால் கலப்புக் குழாயும் காற்றுத் துளையும் பழைய அளவுதான். ஆகவே வாயுவுக்கேற்ற காற்று வராமல் சுடர் மஞ்சளாகும். மஞ்சளைப் போக்கக் குத்தி, மஞ்சளை நிரந்தரமாக்கிக்கொண்ட அடுப்புகள் பல. ஜெட்டில் அடைப்பு என்று தெரிந்தால் மெக்கானிக்கை அழைத்து, அதே எண்ணுள்ள புது ஜெட்டைப் போடச் சொல்லுங்கள். விலை அதிகமில்லை.

நாம் செய்யக்கூடியது பர்னரைத் துப்புரவு செய்வது. சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, பர்னரின் மூடியையும் தலையையும் தூக்கி எடுங்கள். எந்தப் பர்னருக்கு எந்த மூடி என்பதை மறவாமல் தனித்தனியே வையுங்கள். பித்தளையானால் புளி கரைத்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறட்டும். பித்தளையின் கருமை பெரும்பாலும் தாமிர ஆக்ஸைடு. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைக்கும். அலுமினியக் கலவையானால் புளி வேண்டாம், அமிலம் உலோகத்தையே அரிக்கும். சோப்பு நீர் போதும். பழைய பல் துலக்கியால் தேய்த்து, துளைகளைத் தென்னை ஈர்க்கால் ஒவ்வொன்றாகத் தள்ளுங்கள். ஈர்க்கு பித்தளையைவிட மென்மையானது; துளையை அகட்டாது. முறிந்து உள்ளே தங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கலப்புக் குழாயின் உட்புறத்தைப் பாட்டில் கழுவும் உலர்ந்த தூரிகையால் துடைத்தால் ஒட்டடை வந்துவிடும். பிறகு கவிழ்த்து வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் நீர்த்துளியும் ஓர் அடைப்புத்தான்.

வால்வைக் கழற்றுவது, குமிழ் இறுகினால் எண்ணெய் விடுவது, ரெகுலேட்டரைப் பிரிப்பது ஆகியவை நம் வேலை அல்ல. பர்னரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாற்றம் வந்தால்

தூய புரோப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் மணம் கிடையாது. நாம் முகர்வது, கசிவு தெரிவதற்காகவே துளியளவு சேர்க்கும் எதில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மம். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கு முதல் 9 பங்கு வரை இந்த வாயு கலந்திருந்தால் ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. புரோப்பேனுக்கு 44, பியூட்டேனுக்கு 58. எனவே கசிந்த வாயு மேலே போகாது. தரையோடு தண்ணீர்போலப் பரவிப் பள்ளத்தில் தங்கும். சுவரின் உச்சியிலுள்ள சன்னலை மட்டும் திறந்து பயனில்லை. கதவைத் திறக்க வேண்டும். (குழாய் வழி வரும் இயற்கை எரிவாயு மீதேன், அதன் மூலக்கூறு எடை 16. அது மேலே ஏறும். அதற்கான அடுப்பின் ஜெட்டும் வேறு அளவு. ஒன்றை மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாகாது.)

நாற்றம் வந்தால் மின்விளக்குச் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி உண்டு. வாயுவை வெளியேற்றும் விசிறிக்கும் அதே விதி. ரெகுலேட்டரை மூடுங்கள், அருகில் எரியும் சாமி விளக்கை அணையுங்கள், கதவு சன்னல்களைத் திறந்து எல்லோரையும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். வெளியே வந்த பிறகு 1906 என்ற அவசர எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லலாம்.

நாற்றம் இல்லாத சாதாரண நாளிலும், அடுப்பு எரியாதபோது, மாதம் ஒருமுறை சோப்பு நுரையைக் குழாயின் இரு முனைகளிலும் ரெகுலேட்டரின் அடியிலும் தடவிப் பார்க்கலாம். குமிழி வளர்ந்தால் கசிவு. தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவு தேடுபவர்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. கம்பிவலை வைத்த ரப்பர் குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் தேதியையும் பாருங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும்.

ஒரு சோதனை

துப்புரவால் பயன் உண்டா என்பதை அளந்தே பார்க்கலாம். இரண்டு லிட்டர் தண்ணீரை ஒரே பாத்திரத்தில், ஒரே மூடியுடன், ஒரே பர்னரில், குமிழை முழுதும் திறந்து, துப்புரவுக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் காய்ச்சுங்கள். தொடக்க வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, தளதளவென்று கொதிக்கும்வரை ஆகும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். மூன்று மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள்.

எவ்வளவு வாயு செலவாக வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். இரண்டு கிலோகிராம் நீரை 30 பாகையிலிருந்து 90 பாகைக்கு உயர்த்த 120 கிலோகலோரி வேண்டும். வீட்டு எரிவாயு அடுப்பின் வெப்பத் திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. அப்படியானால் எரிபொருள் தர வேண்டியது 176 கிலோகலோரி. ஒரு கிராம் ஏறத்தாழ 10.9 கிலோகலோரி தருகிறது. ஆக, 16 கிராம்.

துப்புரவுக்குப் பின் நேரம் குறைந்தால் அடுப்பு சிக்கனமாயிற்று என்று உடனே எழுதிவிட வேண்டாம். மஞ்சள் சுடர் நீலமாகி நேரம் குறைந்திருந்தால், அதே வாயு நன்றாக எரிந்து கூடுதல் வெப்பம் தந்திருக்கிறது, அது சிக்கனம். ஆனால் சிறுத்திருந்த நீலச் சுடர் புது ஜெட் போட்டதும் பெருத்து, நேரம் குறைந்திருந்தால், விநாடிக்கு வரும் வாயுவே கூடியிருக்கிறது. அங்கே சமையல் விரைவாகும். ஆனால் வாயு மிச்சமாயிற்றா என்பது கடிகாரத்தால் தெரியாது. அதற்குச் சிலிண்டரை மாற்றிய நாளை நாள்காட்டியில் குறித்துவைத்து, அடுத்தடுத்த சிலிண்டர்கள் எத்தனை நாள் வருகின்றன என்று ஓராண்டுக்காவது பார்க்க வேண்டும். விருந்தினர் வந்த நாட்களையும் மறவாமல் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.